நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்

மகன்,

போனில் சொல்ல ஆரம்பித்தால் "மீட்டிங்ல இருக்கேம்மா, பொறவு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆகிவிட்டது. தாளை அப்படி வைத்துவிட முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். நான் கோபத்தில் இருக்கிறேன். பாதிக் கோபம் உன்மேல், மீதி என்மேல். எது எவ்வளவு என்று எனக்கே இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உன் அப்பா எதிரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு வேலை போற மாதிரி என்னத்தையாவது எழுதி வைக்காத" என்கிறார். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரும்போது உன் கம்பனியில் உனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய புதுத் தாள் என் முன்னால் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை இந்தத் தேயிலைத் தோட்டத்தின் மற்ற ஆறு டிவிஷன்களிலும், தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராக்களில், வருகையைப் பதிகிற உன் ஆப்பைக் கொண்டுவந்து வைப்பதாக இருந்தாய். அதற்கு முன்னால், இங்கே மூன்று வாரம் அதை வைத்து வேலை பார்த்தவள் என்ற முறையில், "தேவை ஆவணத்தில் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை" என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போடமாட்டேன். அதுமட்டுமில்லை, ஆப் என்னென்ன செய்ய வேண்டும் என்று நீ எழுதிய அந்த ஆவணத்தின் கடைசிப் பக்கத்தில் முதல் தடவை போட்ட கையெழுத்தையும் திரும்பப் பெறுகிறேன். இருபத்தாறு வருசம் இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள், இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வுக்குப் போகிறவள், மகன் எழுதிய காகிதத்தைப் பார்த்து இப்படிச் சொல்ல வேண்டி வந்ததில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கம்பனிக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். "மழை காரணமாக நிலையம் காலி செய்யப்பட்டபோது ஒரு பிள்ளையின் வருகைப் பதிவில் முரண்பாடு காணப்பட்டது." அந்த முரண்பாட்டுக்கு ஏழு மாதம் ஆகிறது, மகன். பெயர் கவின். இப்போதுதான் தவழப் பழகுகிறான். அவன் அம்மா ஜோதி, மேல் லயத்து வீட்டுப் பிள்ளை, தேயிலைக் கொழுந்து எடுப்பவள். உனக்குத் தெரிந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள். உன் அறிக்கையில் அவள் பெயரும் இல்லை, பிள்ளையின் பெயரும் இல்லை. அதனால் நடந்ததை நான் முழுதாகச் சொல்கிறேன்.

அன்று நான் டாக்டரிடம் கண்ணைக் காட்டுவதற்கு ஹட்டன் டவுனுக்குப் போயிருந்தேன். எனக்குப் பிறகு அந்த வேலையைப் பார்க்கப் போகிற கவிதாதான் காம்பராவில் இருந்தாள். வந்து பத்து நாள் ஆன பிள்ளை, துடியானவள், ஆனால் பிள்ளைகளின் பழக்கவழக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. காலையில் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். பத்து மணிக்கு ஜோதி மலையிலிருந்து இறங்கி வந்து, ஆபீசில் கொடுத்த தன் அட்டையை, வாசலில் ஆப்போடு வைத்திருக்கிற டேப்லெட்டில் தொட்டுவிட்டு, உள்ளே போய்க் கவினுக்குப் பால் கொடுத்தாள். அவன் தூங்கியதும் பின்னறையில் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டாள். பதினொன்றரைக்கு மழை கொட்ட ஆரம்பித்தது. காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற மண்திட்டு வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்லி, பிள்ளைகளை உடனே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும்படி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. கவிதா டேப்பைப் பார்த்தாள். பதினொரு பிள்ளைகள். தலையை எண்ணினாள். பதினொன்று. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எண்ணினாள். மழைச்சாரலுக்காகப் பின்னறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் எதுவும் கேட்காது. இரண்டு கங்காணிமார் தார்ப்பாய்ப் படங்கை விரித்துப் பிடிக்க, அதன் கீழே எல்லோரும் போய்விட்டார்கள்.

மலையிலிருந்து பெண்கள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். ஜோதி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு, "எம்புள்ள எங்க?" என்று கேட்டிருக்கிறாள். கவிதா டேப்பை எடுத்துக் காட்டி, "நீங்கதானே அக்கா பத்து மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டீங்க? இதுல இருக்கே" என்று சொல்லியிருக்கிறாள். ஜோதி காம்பராவை நோக்கிக் கூடையோடு ஓடியிருக்கிறாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மண்திட்டு சரிந்து சமையலறைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தது. சமையலறைக்கும் தொட்டில் கட்டியிருந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவுதான். அதன் பாதி உயரத்துக்குச் சேறு நின்றது. முன்பக்கத்து வழியாக உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அவன் அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தானாம். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நான் எழுதுகிறேனே, அந்தக் கதவு கொஞ்சம் உளுத்துப்போன கதவாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை என்னவென்று எழுதியிருப்பேன்?

அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணினேன். "பிள்ளைக்கு எப்படி?" என்று நீ கேட்டாய், இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்ததாகச் சொன்னது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, ஆப்ல பிழை இல்ல. ஆவணத்தில என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அது செஞ்சிருக்கு. அதை நீங்களும் பார்த்து ஓகே பண்ணித்தானே கையெழுத்துப் போட்டீங்க?" எனக்கு அப்படியே காதுக்குள் சுட்டது. நீ பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். நீ சொன்னது உண்மை. அதனால்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கையெழுத்தை நான் எப்படிப் போட்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும். நீ அதை "ரிவ்யூ" என்று சொன்னாய். ஆபீஸ் மாடியில் நீள மேசை, சுவரில் வெளிச்சப் படம், ஆளுக்கொரு ரோல்ஸும் தேத்தண்ணியும். ஒரு பக்கம் தோட்டத்தை நடத்துகிற துரை, பக்கத்தில் நலன்புரி உத்தியோகத்தர், பிறகு கிளார்க்மார். கடைசி நாற்காலியில் நான். நீ முன்னால் நின்று பேசினாய். ஒரு காலத்தில் அந்த அறைக்கு வெளியே வராந்தாவில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உன் அப்பா நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறைக்குள் நீ நின்று பேச, துரை தலையாட்டிக் கேட்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், நீ பேசியதில் பாதி என் காதில் விழவே இல்லை. உன் சட்டைக் கொலரையும் நீ கையை ஆட்டுகிற விதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த ஆவணமும் ஆங்கிலத்தில். எங்களுக்குத் தமிழில் தந்தது இரண்டே பக்கம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கடைசியில் நீ, "எல்லாருக்கும் சரிதானே? யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டாய். துரை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அம்மாவே மகனோட வேலைய செக் பண்ணியிருப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் "சரிங்க ஐயா" என்றேன்.

நீ இந்த மண்ணில் பிறந்தவன். துரை இருக்கிற இடத்தில் ஒருத்தர் "சரிங்க" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு, இன்று இந்த மலை, இத்தனை கிலோ என்று சொல்லி, "சரிதானே?" என்று கேட்பார்கள். எல்லோரும் "சரிங்க" என்பார்கள். அந்த மலையில் அட்டைக்கடி அதிகம் என்றும், கொழுந்தே வரவில்லை என்றும், அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டுவிட்டோம், போகலாமா என்பதுதான் அந்தச் "சரிங்க". கொழும்பில் இருந்து ஒரு வெளியாள் வந்து அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டால் மன்னிக்கலாம். நீ எப்படி எடுத்துக்கொண்டாய்? போதாததற்குக் கூட்டத்தை வைத்தது காலை பத்து மணிக்கு. பால் கொடுக்கிற தாய்மார் எல்லாம் அந்த நேரத்தில் மலையிலும் காம்பராவிலும் இருக்கிறார்கள். அந்த மேசையில் பிள்ளை வைத்திருக்கிற பொம்பிளை ஒருத்திகூட இல்லை.

நம் வீட்டிலேயே இந்தத் தப்பு நடந்திருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது லயத்துக்கு என்ன தேவை என்று எழுதிக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூரைத்தகடு என்றார்கள். உன் அப்பாவும் கூரைத்தகடு என்று சொல்லிக் கைநாட்டு வைப்பவர் மாதிரி ஒன்றும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நம் வீட்டில் கூரை ஒழுகவே இல்லை. நமக்குத் தண்ணீர் பின்சுவருக்குக் கீழே இருந்துதான் ஊறி வரும். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டால், "வந்தவங்க தகரத்தைப் பத்தித்தானே கேட்டாங்க, தண்ணி போற காணைப் பத்திக் கேக்கலியே" என்றார். புதுத்தகரம் வந்தது. மழைக்காலத்தில் அதன் கீழே நனைந்த பாயில் உட்கார்ந்துதான் நீ புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்தாய். இன்றைக்கு அதைச் சொன்னால் உன் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ஆறாம் வகுப்புக்கு உன்னை ஹட்டனுக்கு அனுப்பியபோது நான் உன்னைக் கூட்டிப்போகாமலே சப்பாத்து வாங்கி வந்தேன். போட்டுப் பார்க்கச் சொல்லி, "சரியா இருக்கா?" என்று கேட்டேன். "சரியா இருக்கும்மா" என்றாய். மாற்றப் போனால் கிடைக்காமல் போய்விடுமோ என்று உனக்குப் பயம். இரண்டு வாரம் கழித்து உன் குதிகாலில் புண்ணைப் பார்த்து உன்னைத்தான் திட்டினேன், ஏன் சொல்லவில்லை என்று. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கீழே குனிந்து நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி, விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, உன்னை வாசல் வரை நடக்கவிட்டிருக்க வேண்டும். கேட்டால் போதும் என்று நினைத்தேன். அந்த மாடி அறையில் நீ எங்களிடம் செய்ததும் அதுவேதான்.

செவ்வாய்க்குப் பிறகு உன் ஆவணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அகராதியும் கையுமாக மூன்று நாள் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். படித்துவிட்டுச் சொல்கிறேன், நல்லதும் இருக்கிறது. காம்பராவில் சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு நிற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய், அது இந்த மலையைத் தெரிந்தவன் எழுதிய வரி. ஆனால் "பிள்ளைகளின் பாதுகாப்பை ஆப் உறுதிசெய்ய வேண்டும்" என்று ஒரு வரி. இதை எப்படிச் சோதிப்பாய்? யார் எந்த நேரத்தில் எதைப் பார்த்து ஆமாம், உறுதிசெய்துவிட்டது என்று சொல்வது? "வருகையை விரைவாகப் பதிய முடிய வேண்டும்" என்று இன்னொன்று. விரைவு என்றால் எவ்வளவு? காலையில் பன்னிரண்டு தாய்மார் ஒரே நேரத்தில் பிள்ளையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிசம் எடுத்தால் கடைசியில் நிற்பவள் பெரட்டுக்குப் பிந்திவிடுவாள், அன்று அவளுக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் விழும். ஐந்தாம் பக்கத்தில் பிள்ளையை உறவினர் யாரும் கூட்டிப்போகலாம் என்கிறாய், பதினான்காம் பக்கத்தில் தாய் தகப்பனைத் தவிர யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறாய். கவிதா எந்தப் பக்கத்தைக் கேட்பாள்? நாங்கள் வரவு எழுதுகிற பழைய கொப்பியை இனி எழுதக் கூடாது என்பதை மட்டும் யாருக்கும் சந்தேகம் வராதபடி தெளிவாக எழுதியிருக்கிறாய்.

கவினை விட்டுவிட்டு வந்தது ஒன்பதாம் பக்கமும் பன்னிரண்டாம் பக்கமும் சேர்ந்துதான். ஒன்பதில், "உள்ளே வரும் பெரியவர் எவராயினும் வாசலில் அட்டையைத் தொட வேண்டும்." நல்ல விசயம், கண்டவர்கள் உள்ளே வரக் கூடாது. பன்னிரண்டில், "தாயின் அட்டை அன்றைய தினம் இரண்டாவது தடவை தொடப்படும்போது பிள்ளை ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாக வேண்டும்." அதுவும் தனியாகப் பார்த்தால் நல்லதுதான். காலையில் விடும்போது ஒன்று, சாயங்காலம் எடுக்கும்போது ஒன்று. நடுவில் பத்து மணிக்குத் தாய் பால் கொடுக்க வருவாள் என்கிற விசயம் உன் ஆவணத்தில் ஒரு இடத்திலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். தோட்டம் உண்டானதிலிருந்து நடக்கிற காரியம், மகன். நீயே அப்படிப் பால் குடித்து வளர்ந்தவன். எப்படி மறந்தாய் என்று உன்னைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். டேப் வந்த அன்று பத்தேகாலுக்குப் பார்க்கிறேன், கவின் தொட்டிலில் கிடக்கிறான், டேப்பில் போய்விட்டான் என்று காட்டுகிறது. பால் குடிக்கிற பிள்ளை இப்போது இங்கே அவன் ஒருத்தன்தான். நான் என்னிடம் இருந்த பொது அட்டையைத் தொட்டு, பெயரைத் தேடி, அவனை மறுபடி உள்ளே சேர்த்தேன். அடுத்த நாளும் அப்படியே. மூன்று வாரமும் தினமும் அப்படியே. நீ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "ஆப் எப்படிம்மா போகுது?" என்று கேட்டாய். "ரொம்ப நல்லாப் போகுது ராசா" என்றேன். பெற்ற பிள்ளையின் வேலையில் நானே குறை சொல்லி, அது ஆபீசுக்குத் தெரிந்து, துரை முன்னால் உன் முகம் சுருங்கிவிடக் கூடாது என்று நினைத்தேன். சின்ன விசயம்தானே, கையால் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். கவிதாவுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொன்னால் ஆப்பில் குறை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. என் "ரொம்ப நல்லாப் போகுது" என்பதை நீ அறிக்கையில் எழுதி, அதைக் காட்டித்தான் ஆறு டிவிஷனுக்கும் அனுமதி வாங்கியிருக்கிறாய். அங்கேயெல்லாம் பால் குடிக்கிற பிள்ளைகள் நாலு, ஐந்து என்று இருக்கிறார்கள்.

எனக்கு என்மேல் இருக்கிற ஆத்திரத்தை எழுத்தில் வைக்க முடியாது. உன்மேல் இருப்பதை வைக்க முடியும். மூன்று வாரத்தில் ஒரு நாளாவது வந்து வாசலில் உட்கார்ந்து பார்த்தாயா? ஒரே ஒரு காலை பத்து மணிக்கு உட்கார்ந்திருந்தால் நான் மறைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டாய். அம்மாவிடம் கேட்பது உனக்குச் சுலபம், உனக்கு நல்லதாகச் சொல்வது அம்மாவுக்குச் சுலபம். இரண்டு பேரும் சுலபமானதைச் செய்தோம். உன் வேலையில் ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பது எதற்கு? குறை சொல்வதற்குத்தானே? அதற்குப் போய் உலகத்திலேயே உன்னைக் குறை சொல்ல மனம் வராதவளைப் பிடித்து வைத்தாயே, மகன்.

நேற்றுக் காலை துரையைப் பார்க்கப் போனேன். கவிதாவை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், அது உனக்குத் தெரியுமோ என்னவோ. லயத்தில் அவளைப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் என்று பேசுகிறார்கள். அவள் என்னிடம் வந்து, "ரெண்டு தடவ எண்ணினேன் டீச்சர், சத்தியமா ரெண்டு தடவ" என்று அழுதாள். அதற்குப் பிறகும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் எனக்குச் சோறு போட்ட வேலைக்கு அர்த்தமில்லை. துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாம் பக்கம், பன்னிரண்டாம் பக்கம், நான் கையால் சரிபண்ணியது, உனக்குப் பொய் சொன்னது. அவர், "இதை எழுத்துல குடுத்தா ஒங்க மகனுக்குத்தான் பிரச்சினையாகும். அவரே சத்தமில்லாமத் திருத்திக்கட்டும், விட்டுருவமா?" என்று கேட்டார். இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாக அந்த அறையில், "இல்லீங்க ஐயா" என்று சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரும் அதில் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. திங்கட்கிழமை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கவிதாவை மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கோபப்படுவாய். படு. உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார், அம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று உன் கூட்டாளிகள் சிரிப்பார்கள். ஆனாலும் திருத்துவதற்கு இன்னும் வழி இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு அந்த வரியை மட்டும் மாற்றி அனுப்பாதே. அனுப்பினால் அதிலும் கையெழுத்துப் போடமாட்டேன். ரயிலேறி வா. காலையில் பிள்ளைகள் வரும் நேரத்திலிருந்து சாயங்காலம் வரை காம்பராவில் சும்மா உட்கார். வெயில் நாளில் ஒன்று, மழை நாளில் ஒன்று. பிறகு ஆவணத்தைத் தமிழில் எழுது. ஆபீஸ் மாடியில் வேண்டாம், துரையும் வேண்டாம், நானும் வேண்டாம். தாய்மார் வேலை முடிந்து வந்து பிள்ளையை எடுக்கிற நேரத்தில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டு. "சரியா?" என்று கேட்காதே. "மழை வந்தா இந்த எடத்துல என்ன செய்வீங்க? பிள்ளைக்குக் காய்ச்சல்னா? நீங்க வர முடியாட்டி யாரை அனுப்புவீங்க?" என்று கேள். அவர்களாக வாயைத் திறக்கும்வரை காத்திரு. நேரமாகும்.

முதலில் ஜோதியிடம் போ. அவளுக்கு வேறு வழியில்லை, நேற்றிலிருந்து மறுபடி வேலைக்கு வருகிறாள். காம்பராவில் சேறு அள்ளி முடிக்கும்வரை பள்ளிக்கூடத்து அறையில் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். இன்று பத்து மணிக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். தூங்கிய பிறகும் மடியிலிருந்து இறக்கவில்லை. மலைக்கு நேரமாகிறது என்று நான்தான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், அந்த மெசினு ஒங்க மகன் செஞ்சதுன்னு சொல்றாங்களே, மெய்யா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, சத்தம்கூடப் போடாமல், "என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சர், பத்து மணிக்கும் வருவேன்னு" என்றாள்.

அதற்கு நீ வந்து அவளுக்குப் பதில் சொல்.

அம்மா